தொண்டை கட்டி மூன்று வாரம்

சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தது அவளுடைய நாத்தனார். அந்தப் பெண்தான் ஒரு நாள் இவளைக் கையோடு கூட்டி வந்து, "எங்க அண்ணி, நல்லா வேலை செய்வாங்க" என்று மேலாளரிடம் சொன்னாள். நாத்தனார் கல்யாணமாகிப் போய்விட்டாள். அண்ணி என்ற பேர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. வயதில் மூத்த மேலாளர்கூட, "அண்ணி, அந்த நீலத் துண்டெல்லாம் காஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்பார்.

தங்கும் விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் இடம் அது. அண்ணிக்கு உருளையில் வேலை. சூடேறிய இரும்பு உருளை உறுமிக்கொண்டே சுழலும். ஈர விரிப்பின் ஒரு முனையை அண்ணி பிடிப்பாள், மறு முனையை ரேடியோ பிடிப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்துக் கொடுத்தால்தான் விரிப்பு சுருக்கமில்லாமல் உள்ளே போகும். ரேடியோ என்பது அந்தப் பெண்ணின் பேர் அல்ல. வாய் ஓயாததால் வந்த பட்டம்.

வீட்டிலும் அண்ணிக்கு அதே கதைதான். அவள் கணவர் பஸ் டிரைவர். மாலையில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுவார். இன்று பஸ்ஸில் யார் ஏறினார்கள், யார் யாரிடம் சண்டை போட்டார்கள், எந்தப் பாட்டுக்காரன் எந்த நிறுத்தம்வரை மூக்கால் பாடினான் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவார். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். அந்த 'ம்'முக்குள் எத்தனை காதல் இருந்தது என்பது அவளுக்கே தெரியாது, அந்தக் குரல் போகும்வரை.

ஆமாம், போய்விட்டது. ஒரு சளி வந்தது, சளி போயிற்று, குரல் மட்டும் திரும்பவில்லை. கிழிந்த துணியை இழுப்பதுபோல ஒரு கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை, வெறும் காற்று. மாலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பயமாக இருக்கும்.

பயப்படக் காரணம் இருந்தது. கணவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. தொண்டை கட்டியிருக்கிறது, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்றே அவர் ஒரு மழைக்காலம் முழுவதையும் ஓட்டினார். கடைசியில் டாக்டரிடம் போனபோது டாக்டர் சொன்னது ஒரே ஒரு சொல். கட்டி. அடுத்த மழையை அவர் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை அண்ணி வாயால் சொன்னதில்லை. சலவைக்கூடத்தில் இருந்துகொண்டு சோப்புக் கட்டியைக்கூட வெறும் சோப்பு என்றுதான் சொல்வாள். கணவருக்குக் குரல் போனபோதும் அவர்கள் இருவரும் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இருவரும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வந்தது வினை. அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப டாக்டர். அவரிடம் போகாமல் தொண்டை டாக்டரிடம் போக முடியாது. குடும்ப டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். எட்டு மணிக்கு ஊரே போன் செய்யும். காத்திருந்து காத்திருந்து லைன் கிடைக்கும்போது அன்றைய இடங்கள் தீர்ந்திருக்கும். எட்டு மணிக்குக் கணவர் பஸ்ஸில் இருப்பார், அண்ணி உருளையின் முன்னால் இருப்பாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ப் பார்த்தார்கள். "மூச்சு விட முடியுதில்ல? அப்போ குடும்ப டாக்டரைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணிக்கு இரண்டு முறை லைன் கிடைத்தது. இரண்டு முறையும் அதே பெண், அதே பதில். "தொண்டை கட்டினதுக்கெல்லாம் இப்ப இடம் கொடுக்க முடியாதும்மா. மருந்துக் கடையில கேளுங்க." மூன்றாவது முறை போன் வரிசையில் முதல் ஆளாக வந்துவிட்டாள். அந்த நொடியில் விரிப்பு உருளையில் சிக்கிக்கொண்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தி, துணியைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் திரும்பினால் போன் செத்துக் கிடந்தது. அன்று கழிப்பறையில் நின்று அழுதாள்.

பிறகு ரேடியோதான் ஒரு வழி கண்டாள். அண்ணியின் பக்கம் நகர்ந்து நின்று, ஒரு கையால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை அண்ணியின் காதில் வைத்துப் பிடித்தாள்.

"வரிசையில் நீங்கள் பதினேழாவது நபர். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது பதிவுக் குரல்.

"எங்க வீட்டுக்காரரு கல்யாணமான நாள்லேர்ந்து இத்தனை தடவை என்னை முக்கியம்னு சொன்னதில்ல அண்ணி" என்றாள் ரேடியோ.

"சும்மா இருடி. என்ன நம்பர்னு கேக்கணும்."

"பதினேழு. நேத்து பதினெட்டு. முன்னேற்றம்தான்."

அரை மூட்டை விரிப்புகள் உள்ளே போய் வெளியே வந்த பிறகு, லைன் கிடைத்தது. ரேடியோ தன் காதையும் போனோடு ஒட்டிக்கொண்டாள்.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டி இருக்கும்மா."

உருளை உறுமியது.

"கட்டியா? தொண்டையிலயா?"

அண்ணிக்குப் பாதிதான் கேட்டது. "ஆமாம்மா, தொண்டைதான். தொண்டை கட்டி மூணு வாரத்துக்கு மேல ஆச்சு."

"வர வரப் பெருசாகுதா?"

"நாளுக்கு நாள் ஜாஸ்திதாம்மா. இப்ப பேச்சே வரல."

அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? இன்னைக்கே பதினொன்றரைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

போன் அணைந்தது. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரமாகத் திறக்காத கதவு எப்படித் திறந்தது? ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ பேசாமல் நின்றாள். அதுவே பயமாக இருந்தது.

"ஏண்டி, என்ன?"

"அண்ணி, நீங்க தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னீங்க. அவ தொண்டையில கட்டி இருக்குன்னு காதுல வாங்கிக்கிட்டா."

விரிப்பு அண்ணியின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எந்தச் சொல்லை வீட்டுக்குள் விடாமல் காத்தாளோ, அதைத் தன் வாயாலேயே, கணவரின் பேரோடு சேர்த்து, ஊருக்கே கேட்கும்படி கத்திச் சொல்லியிருக்கிறாள். விதி இதைவிடக் கொடுமையாக ஒரு பெண்ணோடு விளையாட முடியுமா?

"திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றாள்.

"கூப்பிடுங்க. இருபதாவது ஆளா நிப்பீங்க. உங்க முறை வர்றதுக்குள்ள உங்க வீட்டுக்காரரு ரிடையரே ஆயிடுவாரு. நீங்க ஒரு பொய்யும் சொல்லல அண்ணி. ஒற்று எங்க வருதுன்னு கவனிக்காதது அவ தப்பு. வாயை மூடிக்கிட்டுப் போயிட்டு வாங்க, மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கணவர் பாதி வேலையை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். காத்திருக்கும் அறையில் நிற்கக்கூட இடமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் போன் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் முன்னால் ஒருவர், தோளில் ஒரு சிறு பெண்ணைப் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு முனகியது.

"எட்டு மணிக்குக் கூப்பிட்டா லைன் இல்ல. எட்டரைக்குக் கூப்பிட்டா இடம் இல்ல. நேர்ல வந்தா போன் பண்ணுங்கறீங்க. பிள்ளைக்குக் காது வலி எத்தனை மணிக்கு வரணும்னு நீங்களே சொல்லிடுங்க, நான் அதுகிட்டப் பேசி வைக்கிறேன்."

"சார், இருக்கறது ரெண்டு டாக்டர். மூணாவது டாக்டரை நான் பெத்தா தர முடியும்?"

அறை முழுவதும் கசப்பாகச் சிரித்தது. ஆனால் அந்தப் பெண் அண்ணியின் கணவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். அவருடைய கழுத்தைப் பார்த்தாள். "வாங்க பெரியப்பா, உக்காருங்க. தண்ணி தரவா?" என்றாள். அந்தக் கனிவு அண்ணியைச் சுட்டது.

அவளால் தாங்க முடியவில்லை. கணவரின் காதில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் வெளுத்தது. பிறகு எழுந்தார்.

"வா, போயிடலாம்" என்றார், காற்றாக. "அந்தப் பிள்ளையோட இடம் இது."

"உக்காருங்க."

"பொய் சொல்லி உள்ள போக வேணாம்மா."

"உக்காருங்கன்னேன்." அவர் சட்டை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணனும் யார் இடத்தையும் எடுத்துக்கல. அதான் போயிட்டாரு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உட்கார்ந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தூக்கம் காணாத கண்கள். "கட்டின்னு சொன்னாங்க. எங்க, காட்டுங்க" என்று எழுந்து வந்து, கணவரின் கழுத்தில் இரு பக்கமும் விரல்களை வைத்துத் தடவினார். இடது பக்கம். வலது பக்கம். மறுபடி இடது. ஒவ்வொரு இடத்திலும் விரல் நின்றபோது அண்ணியின் உயிர் நின்று நின்று வந்தது.

"கட்டி இல்ல டாக்டரம்மா" என்று உடைந்தாள். "தொண்டை கட்டியிருக்கு, அவ்வளவுதான். போன்ல மாத்திக் கேட்டுட்டாங்க. நான் பொய் சொல்லல. ஆனா தெரிஞ்சப்புறம் திருத்தவும் இல்ல. வெளியில ஒரு பிள்ளை காது வலியோட நிக்குது. அதைக் கூப்பிடுங்க, நாங்க போயிடறோம்."

டாக்டரின் விரல்கள் நின்றன. திட்டப் போகிறார் என்று அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொண்டை கட்டி எத்தனை நாளாச்சு?"

"மூணு வாரம் தாண்டிடுச்சு. ரெண்டு தடவை போன்ல கேட்டேன், மருந்துக் கடைக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"நடுவுல ஒரு நாளாவது சரியாச்சா?"

"இல்லீங்க."

"அப்போ இந்த இடம் உங்களோடதுதாம்மா" என்றார் டாக்டர். "மூணு வாரம் குரல் வரலைன்னாலே நாங்க பாத்தாகணும். கட்டி இருக்கணும்னு அவசியமே இல்ல. உங்களை மருந்துக் கடைக்கு அனுப்பினது எங்க தப்பு. அந்தப் பிள்ளையையும் பாக்கறேன். போறது என் சாப்பாட்டு நேரம்தான், உங்க இடம் இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வீட்ல வேற யாருக்காவது தொண்டையில எதாவது வந்திருக்கா?"

அண்ணி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர், மிச்சமிருந்த கொஞ்சம் காற்றில், அவர்கள் இருவரும் பேசாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"எங்க அண்ணனுக்கு."

டாக்டர் தலையசைத்தார். உடனே போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் தொண்டைப் பிரிவைக் கூப்பிட்டார். அங்கேயும் அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். "நானும் வரிசையிலதான் நிக்கறேன்" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரமே வரச் சொல்லி நாள் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நாளும் வந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார்கள். அதன் முனையிலிருந்த கேமரா உள்ளே இருந்ததையெல்லாம் திரையில் காட்டியது. அண்ணி திரையைப் பார்க்காமல் தொண்டை நிபுணரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு அங்கேதானே எழுதியிருக்கும். அந்த இளைஞர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு அவர் குழாயை மெதுவாக உருவினார்.

"அம்மா, உங்க கையைக் காட்டுங்க" என்றார்.

அண்ணி குழம்பியபடி கையை நீட்டினாள்.

"வேலை செஞ்சு செஞ்சு இங்க காய்ப்பு காய்ச்சிருக்கு பாருங்க. அதே மாதிரிதான் இவரு குரல் நாண்லயும் ரெண்டு பக்கம் காய்ச்சுப் போயிருக்கு. நீங்க பயப்படற வியாதி இல்ல. நான் நல்லாப் பாத்துட்டேன். இவரு நிறையப் பேசுவாரா?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்றாள் அண்ணி.

"இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசியிருக்காரு. சளி பிடிச்சப்பவும் விடல. ரெண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது. காத்தாக் கூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்புறம் குரலுக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க. திரும்பி வந்துடும்."

திரும்பி வந்துவிடும். அண்ணி எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள். மூன்று வாரத்து அழுகையும், அண்ணனுக்கு அழாமல் விட்ட மிச்சமும் சேர்ந்து வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவள் முதுகைத் தடவினாள். "அழாதம்மா. இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. மனசைத் தளர விடாத." நின்றிருந்த கணவரைப் பார்த்து, "உங்களுக்கா?" என்றாள். பேசக் கூடாதவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு, எவ்வளவு தைரியமா சிரிக்கறாரு மனுஷன்."

"நல்ல சேதிம்மா" என்றாள் அண்ணி விம்மலுக்கு நடுவில். "ஒரு வியாதியும் இல்லைன்னுட்டாங்க."

"நல்ல சேதிக்கா இந்த அழுகை?"

"பின்ன எதுக்குத்தான் அழறதாம்?"

அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு அவளை ஒரு முறை முறைத்தாள். அடுத்த நொடி இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்கும் பொறுக்கவில்லை. எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

அண்ணி பாய்ந்து எழுந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் மூச்சு அவள் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அவர் அந்தக் கையை விலக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.