கண்ணு பாக்கப் போன சிலுவைமுத்து

என் வூட்டுக்காரரு சிலுவைமுத்து ஒரு எடத்துல குந்த மாட்டாரு. காலுல சக்கரம். ஆர்பர்ல மூட்ட எறக்கிட்டு வந்து கை கழுவுறதுக்குள்ள எவனாவது வாசல்ல நிப்பான். "மாமு, ஆஸ்பத்திரில ரத்தம் கேக்குறாங்கோ." அவ்ளோதான், தட்டுல சோறு காயும், மனுசன் கெளம்பிடுவாரு. காசு வாங்க மாட்டாரு. ராயபுரத்துல பாதி பேரு ஒடம்புல என் புருசன் ரத்தந்தான் ஓடுதுன்னு நானே பீத்திக்கினு திரிஞ்சிருக்கேன்.

எழுபத்தெட்டாம் வருசம் ஒரு ஆஸ்பத்திரில புதுசா ஏதோ டெஸ்ட் எடுத்து, ஒன் ரத்தம் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கோ. எங்க ஹெல்த் சென்டர் நர்ஸம்மா ஞானபாக்கியத்தாண்ட ஓடுனோம்.

"ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்கு. ஆஸ்திரேலியா ஆன்டிஜென்னு பேரு"ன்னாங்க.

அட ஏசுவே! பழவேற்காடு தாண்டாத மனுசனுக்கு ஆஸ்திரேலியாவா!

"எனக்குக் காமாலையே வரலியே?"ன்னாரு இவரு.

"வராமலும் உள்ள இருக்கும். உங்க ரத்தம் ஏறினவங்களுக்கும் போயிருக்கலாம், அவங்களக் கூட்டிட்டு வாங்க. இனிமே ரத்தம் குடுக்காதீங்க. ஷேவிங் பிளேட யாருக்கும் தராதீங்க, சாராயத்தத் தொடாதீங்க."

என்னையும் குத்திப் பாத்தாங்க. எனக்கு இல்ல.

அன்னிலேர்ந்து இவருக்குத் தூக்கம் போச்சு. ரத்தம் குடுத்த வூடு வூடா போயி, கண்ணு மஞ்சளா கீதான்னு பாத்துகினு வந்தாரு. கிரேன் ஓட்டுற கலீலுல்லாவ வெயில்ல நிறுத்தி இமையப் பிரிச்சிப் பாத்தாரு. "இன்னா மாமு, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற?"ன்னு அவன் சிரிச்சான். இவரு வாயத் தொறக்கல. சொன்னா செருப்பால அடிப்பாங்கன்னு பயம்.

எனக்குப் பத்திகினு வந்துச்சு. "யோவ், கண்ணுல தெரியாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே! கூட்டினு போய்யா!" யாரு கேட்டாங்க?

ஒரு வூட்டுக்கு மட்டும் அவரு போகவேயில்ல. எண்ணூர்ல கீற அவரு தங்கச்சி எல்சி வூடு. மொத பிரசவத்துல அவ உசுருக்கு இழுத்துகினு கெடந்தப்ப இவரு ரத்தந்தான் ஏத்துனாங்கோ. இப்ப மறுபடியும் முழுகாம இருந்தா. கடைசில நான்தான் இவரக் கையப் புடிச்சி இழுத்துகினு போனேன்.

எல்சி மீன் கழுவிகினு இருந்தா. கண்ணு பளிச்சுனு வெள்ளையா இருந்துது. இவரு மூஞ்சில உசுரு வந்துச்சு. "சரி, கெளம்பலாம்"னாரு. வந்துதே எனக்குக் கோவம்!

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

தலையக் குனிஞ்சிகினே எல்லாத்தையும் சொன்னாரு. எல்சி முழுசாக் கேட்டா. கையத் தொடச்சிகினு, "வா, போலாம்"னா.

அவ ரத்தத்துலயும் அது இருந்துது. இப்ப இதுக்கு மருந்து இல்ல, வந்து வந்து காட்டணும், பிரசவம் ஆஸ்பத்திரிலதான், அங்க இத மறைக்காம சொல்லணும்னாங்க நர்ஸம்மா. இவரு சென்டர் வாசல்லயே, அத்தினி ஜனமும் பாக்க, தலைல அடிச்சிகினு அழுதாரு. "ஒனக்கு நானே வெசத்தக் குடுத்துட்டனேடி!"

"வாய மூடுண்ணே!"ன்னு எல்சி ஒரு சத்தம் போட்டா. "அன்னிக்கு நீ குடுக்கலன்னா இன்னிக்கு உன்னத் திட்ட நான் இருந்திருக்க மாட்டேன். மத்தவங்களயும் கூட்டினு வா, போ."