ஓட்டம் நிற்காமல் மாறிய டிரைவர்

எண்பதுகளின் கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டுகிற வேலை எனக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு ஏசி ரூமில் வேலை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கோ தினமும் ஒரே பயம். கரண்ட் போய்விடுமோ, பேப்பர் சிக்கிவிடுமோ என்று.

ஒருநாள் மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மார்க் கணக்கு காலையிலிருந்து மெசினில் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரத்துக்குள் அச்சடித்துத் தராவிட்டால் வேறு ஆபீசைப் பார்த்துக்கொள்வோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை கைவிட்டுப் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவன் நான்தான். அந்த நேரம் பார்த்துப் பிரிண்டர் படுத்துவிட்டது. இன்னொன்று இருந்தது, ஆனால் வேறு கம்பெனி. பிரிண்டரோடு பேசுவதற்கென்றே மெசினுக்குள் ஒரு சின்ன புரோகிராம் இருக்கும், டிரைவர் என்பார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றவேண்டும். அதற்காக மெசினை நிறுத்தினால் காலையிலிருந்து ஓடிய கணக்கெல்லாம் போச்சு.

மெசினைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர் அம்மா என்னைவிட இளையவர். "நிறுத்த வேணாம்ணே. ஓடும்போதே மாத்திரலாம்" என்றார். உலை கொதிக்கும்போதே அடியிலிருந்து அடுப்பை உருவுகிற காரியமாக எனக்குப் பட்டது.

பழையதை எடுக்கச் சொல்லிக் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். பழைய டிரைவர் வெளியே வரவில்லை. யாரோ இன்னும் பிரிண்டரைப் பிடித்துக்கொண்டிருப்பதாக மெசின் சொன்னது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தையல் மெசினுக்குப் போடுவதுபோல, அந்த ஒரே மெசினோடு இணைத்திருந்த டெர்மினல் திரைகளுக்குத் துணி உறை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்த அம்மா ஒவ்வொரு உறையாகத் தூக்கினார். ஜன்னலோரத்து உறைக்குள் பச்சை எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன. பில் போடும் அண்ணனுடையது, பில் அச்சடிக்கப் பிரிண்டரைப் பிடித்தபடி.

நீங்களே அதை முடித்துவிடக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"முடிக்கலாம்ணே. அவரு அடிச்சு வச்சதெல்லாம் அழிஞ்சிரும். அதுவும் ஒருத்தர் பாடுதான? அவரா விடட்டும்."

மெஸ்ஸுக்கு ஓடினேன். ரசச் சோற்றில் கை வைத்திருந்தவர் நிமிர்ந்தார். "உறையைப் போட்டுட்டுத்தானடா மாப்ள வந்தேன்?"

"உறைக்குள்ள ஓடிக்கிட்டிருக்குண்ணே. வாங்க."

ஈரக் கையோடு வந்து, அடித்ததைச் சேமித்துவிட்டு வெளியேறினார். அந்த அம்மா மறுபடி தட்டினார். பழைய டிரைவர் சத்தமில்லாமல் இறங்கியது. ஒயரை அடுத்த பிரிண்டருக்கு மாற்றிவிட்டுப் புதியதை ஏற்றினார். நான் மார்க் ஓடுகிற திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. நம்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு இடத்திலும் திக்கவில்லை. எம்புட்டுப் பொறுமையான கை அது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு ஆளை மாற்றியது பக்கத்தில் ஓடிய மார்க் கணக்குக்குத் தெரியவில்லை.

கணக்கு முடிந்ததும் பேப்பரை மாட்டச் சொன்னார். அவசரத்தில் பேப்பரின் ஓரத்து ஓட்டைகள் பிரிண்டரின் பல்சக்கரத்தில் உட்காரவே இல்லை. அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார். முதல் தாளில் மார்க்குகள் பளிச்சென்று விழுந்தன. பாதியில் நின்றுவிடாதல்லவா என்று கேட்டேன். சிரித்துவிட்டு என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார்.

போகவில்லை. கல்லூரிக்காரர் ஸ்கூட்டரில் வந்து, தாள்கட்டைப் புரட்டிப் பார்த்து, அடுத்த பரீட்சைக்கும் இங்கேயே வருவதாகச் சொன்ன பிறகுதான் எனக்குப் பசித்தது.