கழிவு கூடினால் எனக்கு நடுக்கம்

பனிமலையில் டிக்கெட் விற்பவன் வாடிக்கையாளரின் முகத்தைவிட வானத்தின் முகத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்து சிரித்துச் சிரித்தே சம்பளம் வாங்குகிற என் இனத்தவர்களே, மற்றவர்களுக்கு இது விளங்காது, உங்களுக்கு விளங்கும்.

சிட்னியில் ஒரு கொம்பியூட்டர் கொம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருடமாகியிருந்தது. மனைவி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. இரட்டை ஷிப்ட் செய்து அவள்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாங்கள் குடியிருக்கும் கிரவீனிலிருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓடிப் போகவேண்டிய ஒரு சின்னப் பனிச்சறுக்கு மலையில் இந்த வேலை கிடைத்தது. கம்பியில் தொங்கும் கதிரைகளில் ஆட்களை உட்காரவைத்து உச்சிக்கு ஏற்றுவார்கள். அதன் பெயர் லிஃப்ட். அதற்கு டிக்கெட் விற்பது நான். இங்கே பனிக்காலம் முடியும் செப்டெம்பர் கடைசிவரை மலை திறந்திருந்தால் எனக்கு நிரந்தர வேலை என்று மனேஜர் ராப் வாக்குக் கொடுத்திருந்தார். பனி இல்லாமல் முன்னரே மூடவேண்டி வந்தால்? கேட்டே விட்டேன். அவர் என் தோளில் தட்டிச் சொன்னார்:

“நோ ஸ்னோ, நோ ஜொப், மேட்.”

ஒரே சொல், இரண்டு ஊர்

பனி குறையக் குறைய டிக்கெட் விலையைக் குறைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். யூலை நடுவில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தார்கள். சிட்னியிலிருந்து தமிழ் ஆட்கள் பஸ் பிடித்து வருவதால் தமிழிலும் ஓர் அறிவித்தல் எழுதச் சொன்னார் ராப். நான் யாழ்ப்பாணத்தான். ‘இன்று கழிவு உண்டு’ என்று பெரிய எழுத்தில் எழுதி, சன்னலில் ஒட்டிவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அறிவித்தலை வாசித்தார். மூக்கைச் சுளித்தார். எங்கள் ஊரில் விலையைக் குறைத்தால் கழிவு, அவர் ஊரில் சாக்கடையில் ஓடுவதுதான் கழிவு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகப் பேனையை எடுத்துப் பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்று சேர்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பனி கரைந்து சேறு தெரிந்த சரிவைப் பார்த்தார், பிறகு மரியாதையாகவே கேட்டார்:

“கழிவுன்னு போட்டிருக்கீங்களே, அது டிக்கெட்டுங்களா, இல்ல அந்தச் சேறுங்களா?”

படியால் வருகிறவர்

யூலை முடிவில் கழிவு இருபத்தைந்து வீதம் ஆயிற்று. வந்தவர்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான் மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழிவு ஒரு வீதம் கூடினால் என் வேலை ஓரடி தள்ளிப் போகிறதே!

அந்தக் கிழமை ஓர் அங்கிள் வந்தார். இளைப்பாறிய கணக்கு வாத்தியார். மகன் குடும்பத்துக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்க, இவர் எங்கள் இரண்டு மாடிக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு இடையில் புகுந்து, “எனக்கு எடுக்காதை. ரெண்டு மாடிக்கு என்னத்துக்கு லிஃப்ட்? நான் படியாலை வாறன்” என்றார். நான் எழுந்து வெளியே போய், கட்டிடத்தின் பின்பக்கம் அவரைக் கூட்டிச் சென்று, உச்சியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த கதிரைகளைக் காட்டினேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். அவருக்குள்ளே இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார்.

“உந்த உயரத்திலை தொங்கிப் போறதுக்கு இருபத்தைஞ்சு வீதக் கழிவு போதாது, தம்பி.”

ராகு காலம்

ஓகஸ்ட் தொடக்கத்தில், புதன்கிழமைகளில் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு பாதி விலை என்று அறிவித்தார்கள். யார் நாள் பார்த்தார்களோ தெரியாது, புதனன்று ராகு காலமும் சரியாகப் பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும். நான்கு கார் நிறைய நம்மவர்கள் வந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. ஒன்றரை மணிவரை கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்து புளிச்சாதம் சாப்பிட்டார்கள். வெளியே வெயிலில் பனி கரைந்துகொண்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தேன்.

என்ன விஷயம் என்று கேட்ட ராப்புக்கு, ராகு என்பவர் யார், அவருடைய நேரத்தில் ஏன் எதையும் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவேயில்லை. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி:

“அந்த ஆளிடம் போன் இருந்தால், பனி எப்போது வரும் என்று கேள்.”

நேர்த்தி

ஓகஸ்ட் நடுவில் அறுபது வீதம். போனில் எடுத்துக் கேட்பவர்கள், “இன்னும் கூடுமோ? அடுத்த கிழமை வந்தால் லாபமோ?” என்றார்கள். அடுத்த கிழமை மலையே இருக்காது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பனி விழாவிட்டால் மூடிவிடுவோம் என்று ராப் சொல்லிவிட்டார்.

விடுமுறை நாளில் நேரே சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் இருக்கும் பெருமாளிடம் காரை விட்டேன். பனியைத் தா, முடியைத் தருகிறேன் என்று மொட்டைக்கு நேர்ந்துகொண்டேன். கோயில் வாசலில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டேன். இன்னொரு தடவை வேலையில்லாமல் உன் முன்னால் வந்து நிற்க வெட்கமாக இருக்கிறது என்றேன். அவள் சொன்னாள்:

“பனி வராட்டிலும் பரவாயில்லையப்பா, முடியாவது மிஞ்சும். வீட்டுக்கு வாங்கோ.”

முழு விலை

வேலைக்கு மலைக்குத் திரும்பியிருந்தேன். சனிக்கிழமை காலையில் அங்கே நான் தங்கும் அறையின் கதவைத் திறக்க முடியவில்லை. தள்ளித் தள்ளித் திறந்தால் முழங்கால் அளவு பனி! சேறும் இல்லை, புல்லும் இல்லை, என் காரும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. ஓடிப் போய் என் கையாலேயே அந்தக் கழிவு அறிவித்தலைக் கிழித்தேன். கிழிக்கும்போது அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வரிசையில் முதல் ஆளாகச் சிட்னியின் பெண்டில் ஹில்லிலிருந்து வந்த அன்ரி ஒருவர், பின்னால் பதினொரு பேருடன். அறுபது வீதத்தை நம்பி நடுச்சாமத்திலேயே புறப்பட்டவர்கள். “பனி நல்லா விழுந்திட்டுது அன்ரி, இண்டைக்கு முழு விலைதான்” என்றேன், வாயெல்லாம் பல்லாக. அன்ரி மலையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“அப்ப ராத்திரி விழுந்ததைக் கழிச்சுப்போட்டு, நேற்றையான் விலைக்குத் தாங்கோ.”

மலை செப்டெம்பர் கடைசிவரை திறந்திருந்தது, வேலையும் நிரந்தரமாயிற்று, பெருமாள் மட்டும் ஒரு முடியைக்கூடக் கழிவு தராமல் முழு விலைக்கே வாங்கிக்கொண்டார்.