சத்தமில்லாத மோட்டாருடன் இலஞ்சிக்கு

தூத்துக்குடியில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மடியில் ஒரு புது மின்மோட்டார். சின்னப் படகின் பின்பலகையில் மாட்டுவது. இடுப்பளவுத் தண்டு, நுனியில் சிறிய விசிறி. முப்பது வருடமாக டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டும் எனக்கு, மூச்சுக் காட்டாமல் ஓடும் இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. அதுவும் நெஞ்சைத் திறந்து தைத்த ஆளுக்குக் கொண்டுபோகிறேன்.

சாகுலும் நானும் வளைகுடாவில் ஒரே படகுப் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர்கள். ஊர் திரும்பிய சாகுல், இலஞ்சி பக்கம் ஒரு குளத்தில் மீன் குத்தகை எடுத்தான். போன தை மாதம் இதய அறுவை சிகிச்சை. பெட்ரோல் மோட்டாரைக் கிளப்பக் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அதை இனித் தொடவே கூடாது என்றுவிட்டார் மருத்துவர். கைப்பிடியைத் திருகினால் ஓடுவதாக ஒன்று கொண்டு வா என்றான் சாகுல்.

திருநெல்வேலியில் வண்டி மாறி, ஆலங்குளம் தாண்டியதும் சாரல் ஆரம்பித்தது. பத்தேகாலுக்குத் தென்காசி. ஒரு கடையில் பேட்டரி வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன். நான்கு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய்.

"என்ன அண்ணாச்சி, வயலுக்கு மோட்டாரா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை, படகுக்கு."

"எல்லாரும் அருவில குளிக்க வருதாவ, நீங்க மோட்டாரத் தூக்கிட்டு வாரீய" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியத்துக்குள் சாகுலின் படகில் மாட்டிவிட்டேன். பேட்டரி வைக்க இடம் போதவில்லை. படகுக்குள் நீளமாகக் கிடந்த மூங்கில் கழியை எடுத்துக் கரையில் போட்டேன். மோட்டார் இருக்கும்போது தள்ளுகிற கம்பு எதற்கு என்று நினைத்தேன். மாலையில் சாகுல் போய், தங்கூசி என்கிற நைலான் வலையை விரித்துவிட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து திரும்பினான்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வலை எடுக்கக் கிளம்பினான். சாரல் குளத்தை மூடியிருந்தது. இருபது அடியில் படகு மறைந்தது. அவன் போனோ கழற்றிப் போட்ட சட்டையின் பையிலேயே வீட்டில் கிடந்தது.

ஆறரை ஆயிற்று. அவன் மனைவி ரகுமத் அடுப்படியிலிருந்து மூன்றாம் முறையாகக் குளத்தைப் பார்த்த வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஏதும் கேக்குதா?"

"அது சத்தம் போடாதும்மா. அதுதான் அதோட விசேஷம்."

"முன்ன எல்லாம் வலைகிட்ட போனா எஞ்சின் நிக்கும். திரும்புத சத்தம் கேட்டாத்தான் நான் தோசைக்கல்ல அடுப்புல வைப்பேன். இப்ப அவுக இருக்காகளா இல்லயான்னே தெரியல."

அப்போதுதான் கரையில் கிடந்த கழி என் கண்ணில் பட்டது. மோட்டார் நின்றுவிட்டால் படகைத் தள்ள அவனிடம் ஒன்றுமே இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். காற்று என் குரலை என் பக்கமே திருப்பியது.

"காத்து மேக்க இருந்து அடிக்கி. படகு மடைப் பக்கந்தான் ஒதுங்கும், வாங்க" என்று ரகுமத் கரைமேல் ஓடத் தொடங்கினார். நான் கழியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மடைக் கல்லில் படகு முட்டிக்கொண்டு நின்றது. சாகுல் மோட்டாரை மேலே தூக்கி வைத்து, விசிறியில் சுற்றிய வலையைச் சாவகாசமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். காலடியில் ஏழெட்டுக் கட்லா மீன்.

"வலை மாட்டிக்கிட்டுலே. அறுக்க மனசு வரல. இதுக்குப் போயி ஏன் ரெண்டு பேரும் ஓடி வாரீய?"

ரகுமத் கழியை என் கையிலிருந்து வாங்கிப் படகுக்குள் வைத்தார். எனக்கு அறை வாங்கியது போலிருந்தது. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, இதுக்கு ஒரு சத்தம் மட்டும் வச்சுத் தாங்களேன்."

எஞ்சின் சத்தத்தைக் குறைத்துத் தா என்று கேட்டவர்களைத்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். அன்று அருவிப் பக்கம் போகவில்லை. தென்காசிக்குப் போய், சரக்கு ஆட்டோ பின்வாங்கும்போது கத்துகிற ரிவர்ஸ் ஹார்ன் ஒன்றை நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினேன். விசிறி சுற்றினால் மட்டும் அது கத்தும்படி இணைத்தேன்.

"மீனெல்லாம் ஓடிரும்லா" என்றான் சாகுல்.

"ஓடட்டும்" என்றார் ரகுமத்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, குளத்தங்கரை நிறுத்தத்தில் தென்காசிப் பேருந்துக்கு நின்றேன். அன்றும் சாரல்தான். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பின்வாங்கும் சரக்கு ஆட்டோ ஒன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. சத்தம் சட்டென்று நின்றது.

வலைக்குப் பக்கத்தில் போயிருப்பான், வேறொன்றும் இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பேருந்து வந்தது. நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்ததில் வருகிறேன் என்று கைகாட்டினேன். எங்கள் துறைமுகத்தில் நூறு எஞ்சின் ஒன்றாய் இரையும். அதில் ஒன்று நின்றால் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த பேருந்தும் போனது. அதன் இரைச்சல் அடங்கியபோது குளத்துக்குள் ஹார்ன் மறுபடி கத்தத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் வந்தது. அந்நேரம் ரகுமத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருப்பார்.