அறுபத்து நான்கால் வகுபடாத முகவரி

கணினியின் அடிமையமான கெர்னலுக்குள், கருவிகளை இயக்கும் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இரண்டே வேலை: நினைவகத்தில் இடம் கேட்பது, கிடைத்த இடம் சரியான முகவரியில் தொடங்குகிறதா என்று பார்ப்பது. இரண்டாவதை மறந்தவர்கள் கையைத் தூக்குங்கள், நான் எப்போதோ தூக்கியாயிற்று.

ஓடிப்போன மாத்திரை

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. மாத்திரை அட்டைகளைப் படமெடுத்துச் சோதிக்கும் கேமராவுக்கு டிரைவர் என்னுடையது. பேறுகால விடுப்பு முடிந்து வந்த முதல் வாரமே படம் கோணலானது. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற டீமுக்குக் கொடுத்துடறேன்" என்றார் மேனேஜர். கொடுக்க நான் தயாராக இல்லை. உடனே தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"மேடம், இடது ஓரத்து மாத்திரையில ஒரு துண்டு வலது ஓரத்துக்கு ஓடிப்போயிருக்கு. நல்ல அட்டையெல்லாம் குப்பைக்குப் போவுது!"

சத்தம் போடாத சிப்

என் மேசையில் அதே கேமரா ஒழுங்காக ஓடியது. தொழிற்சாலையில் மட்டும் யாரோ பிழை தேடும் நினைவகச் சோதனையை ஆன் செய்திருந்தார்கள். அது கேட்டு வாங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் பதினாறு பைட் அடையாளம் வைக்கும், முகவரி அவ்வளவு தள்ளிப்போகும். கேமரா சிப்புக்கோ அறுபத்து நான்கால் வகுபடும் முகவரிதான் வேண்டும். இதுவரை வகுபட்டது என் அதிர்ஷ்டம். ஊர்ப் பள்ளியில் வகுத்தலில் மீதி வந்தால் ஓரமாக எழுதிவைப்போம். இந்த சிப்போ மீதியை விழுங்கிவிட்டு, முன்னாலிருக்கும் அடுத்தவர் இடத்திலிருந்தே எழுத ஆரம்பிக்கிறது, படமும் அவ்வளவு தள்ளிப்போகிறது.

"ஒரு எரராவது காட்டக்கூடாதா?" என்று ஹார்டுவேர் மஞ்சுநாத்திடம் பாய்ந்தேன்.

"நம்ம பெங்களூரு சிப் மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கும்."

தவறான வீட்டுச் சாவி

அறுபத்து மூன்று பைட் கூடுதலாகக் கேட்டு, அதற்குள் வகுபடும் முகவரிக்கு நகர்ந்துகொண்டேன். வியாழன் காலை, அந்தச் சோதனையை ஆன் செய்தும், என் மேசையில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. குழந்தைக் காப்பகத்துக்குப் போன் போட்டு, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்குமளவுக்குத் தெம்பு. கேமராவை நிறுத்தினேன், மொத்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கெர்னல் தந்த முகவரியை விட்டுவிட்டு நான் நகர்ந்த முகவரியைக் கொடுத்திருக்கிறேன்!

பக்கத்து இருக்கை ஷாலினி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, அஞ்சாம் நம்பர் வீட்டை வாடகைக்கு எடுத்துட்டு ஆறாம் நம்பர் சாவியைக் கொடுத்தா ஓனர் சும்மா விடுவாரா?"

ஆயிரம் தடவை

வகுபடும் முகவரியாகவே கேட்டு வாங்க கெர்னலில் தனி வழி உண்டு. நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். என் கணக்கையெல்லாம் அழித்துவிட்டு அதைப் போட்டேன். சோதனையை ஆன் செய்தே ஆயிரம் தடவை கேமராவைத் திறந்து மூடினேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழிற்சாலையிலேயே போய் நின்றேன். சூப்பர்வைசர் நூறு அட்டையை ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்தார்.

"ஒண்ணுகூடத் தள்ளல மேடம். நீங்க போய் சாப்பிடுங்க."

டிரைவர் இப்போதும் என்னிடம்தான், ஜெயித்த பரிசாக அதே சிப் வைத்த இன்னும் மூன்று கேமராக்களும் என் தலையில்தான்.