வதனி வரிசையில் நின்ற நாள்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரில் சந்திரவதனியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. மௌரி அவென்யூ மளிகைக் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துவிட்டு, இது போன கிழமைச் சாமான் என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்கிற பெண்மணி அவள்தான். வேலை ஒரு டேகேரில். அம்மாவிடம் அடம் பிடிக்கிற பிள்ளைகள்கூட வதனி ஒரு பார்வை பார்த்தால் தட்டைக் காலி செய்துவிடும். சாப்பாட்டைக் கொட்ட மட்டும் அவள் யாரையும் விடமாட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த வரிசையிலும் அவள் நிற்பதில்லை. கடையில் கூட்டம் என்றால் கூடையை வைத்துவிட்டு வெளியே போய் காரில் உட்கார்ந்திருப்பாள். கூட்டம் கரைந்த பிறகுதான் உள்ளே வருவாள். லிவர்மோர் கோயிலில் பிரசாதம் வாங்குவதற்கும் அப்படியே. திமிர் பிடித்தவள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் வன்னிக்காரி. கிளிநொச்சியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். 2009ல், போர் முடியப்போகிற மாதங்களில், ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் அத்தனை சனத்தோடு அடைபட்டாள். முன்னால் கடல், பின்னால் இராணுவம், மேலே ஷெல். சாப்பாடு என்று இருந்தது கஞ்சி ஒன்றுதான்: கொஞ்சம் அரிசி, நிறையத் தண்ணீர், கிடைத்த நாளில் உப்பு. அதற்கும் வரிசை. அந்த வரிசைமேலும் ஷெல் விழுந்தது.

கணவர் யோகநாதன் ஒரு காலையில் சட்டியோடு அந்த வரிசைக்குப் போனார். சட்டிதான் திரும்பி வந்தது. பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடியில் நாலு வாய்க் கஞ்சி இருந்தது. ஆறு வயது மகள் துளசி பசியில் சுருண்டு கிடந்தாள். வதனி அழவில்லை. அந்தக் கஞ்சியை மகளுக்குப் பருக்கி முடித்துவிட்டுத்தான் அழுதாள். இதைச் சொல்ல அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பாள்.

அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு ஒவ்வொரு வருடமும், போர் முடிந்த மே பதினெட்டாம் தேதியில், அதே கஞ்சியைக் காய்ச்சினாள். அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஏழெட்டுப் பேர் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். எப்போதும் அகப்பையோடு பானைக்குப் பின்னால்தான் அவள் நிற்பாள். முன்னால் வரமாட்டாள்.

போன வருடம் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கே அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் வசந்த விழா. சங்கத் தலைவர் நெடுஞ்செழியன் மதுரைக்காரர், நல்ல மனுஷர். இந்த முறை எங்கள் ஹாலிலேயே எல்லோருக்கும் கொடுங்கள் அக்கா என்று அவராகவே கேட்டார். வதனிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே தயங்கித் தயங்கி மறுபடி கூப்பிட்டார். நிறையப் பேருக்கு கிரீன் கார்டு பென்டிங், காலம் சரியில்லை, போர்டில் முள்ளிவாய்க்கால் என்ற பேர் வேண்டாம், பாரம்பரியக் கஞ்சி என்று போட்டுக்கொள்ளலாமா என்றார்.

"அந்தப் பேரை நான் வைக்கேல்லைத் தம்பி. அவர் செத்த இடத்துக்கு அதுதான் பேர். அது இல்லையெண்டா கஞ்சியும் இல்லை."

அவர் சரி என்றார். பயந்த மனுஷர்தான், ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று பெரிய எழுத்தில் போர்டு வந்தது.

ஆனால் கண்டம் வந்தது பகையால் இல்லை, பாசத்தால். விழாவின் சாப்பாட்டுப் பொறுப்பு புஷ்பவல்லியிடம் இருந்தது. கும்பகோணத்துக்காரி. வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றால் அன்றைக்கெல்லாம் முகம் வாடிப்போகிறவள். வதனி அடுப்பில் கஞ்சியை ஏற்றி, தீயை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து வரும் துளசியைக் கூட்டிவர சான் ஹோசே ஏர்போர்ட்டுக்குப் போனாள். புஷ்பவல்லி மூடியைத் திறந்து பார்த்தாள். வெறும் தண்ணீரில் பருக்கை மிதந்தது. முன்னூறு பேருக்கு இதையா கொடுப்பது? பாவம், அக்காவுக்கு நேரம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். ஃப்ரீசரில் இருந்த தேங்காயில் பால் எடுத்து ஊற்றினாள். நெய்யில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினாள். தொட்டுக்கொள்ள மாவடுவும் சுட்ட அப்பளமும் எடுத்து வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஹாலே மணத்தது.

வாசலில் கால் வைத்ததுமே வதனிக்கு அந்த மணம் வந்தது. மகளின் கையை விட்டுவிட்டு சமையலறைக்கு ஓடினாள்.

"என்ன செய்தனீங்கள் இதை?"

"ரொம்ப ப்ளெயினா இருந்துதுக்கா. கெஸ்ட்டுக்கு எப்படிக் குடுக்கறதுன்னு நான்தான் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணேன்."

பானையைக் கவிழ்த்துவிடலாம் என்றுதான் வதனியின் கை போனது. ஆனால் சோற்றைக் கொட்ட அந்தக் கை எந்தக் காலத்தில் பழகியது? மூடியை எடுத்து மூடினாள். இது நல்ல சாப்பாடு, மத்தியானப் பந்தியில் எல்லாருக்கும் வையுங்கள், நான் வேறு காய்ச்சுகிறேன் என்றாள். வெளியே ஏற்கெனவே சனம் வரிசையில் நின்றிருந்தது. நெடுஞ்செழியன் கையைப் பிசைந்தார். அடுத்தது பரதநாட்டியம், குழந்தைகள் மேக்கப்போடு காத்திருக்கிறார்கள், இருப்பதையே கொடுத்துவிடலாமே என்று கெஞ்சினார்.

"அந்தக் கஞ்சியில ருசி இருந்ததெண்டு என்ர கையால நான் பொய் சொல்லமாட்டன்," என்றாள் வதனி. "ஆக்கள் நிக்கட்டும். அண்டைக்கும் நிண்டுதான் வாங்கினது."

அதையே மைக்கில் போயும் சொன்னாள். கஞ்சி இன்னும் வேகவில்லை, நிற்க முடிந்தவர்கள் நில்லுங்கள், முடியாதவர்கள் போய் உட்காருங்கள் என்றாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சிலர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாறு பேர் போனைத் தடவினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கிப்போனது. சலங்கை கட்டிய பிள்ளைகள்கூட வந்து வரிசையில் சேர்ந்துகொண்டன.

புதுக் கஞ்சி வெந்து இறங்கியபோது அடுப்படியில் புஷ்பவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றாள்.

வதனி வரிசையைப் பார்த்தாள். கதவைத் தாண்டி கார் நிறுத்தும் இடம் வரைக்கும் அது போயிருந்தது. கஞ்சிக்காக இத்தனை பேர் நின்றதை அவள் அன்றைக்குப் பிறகு பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் பொங்கியது. பசித்தவனை வரிசையில் வைத்து இராணுவத்துக்காரர் ஷெல் அடித்தார்கள். பதினாறு வருடமாக என்னை எந்த வரிசையிலும் நிற்கவிடாமல் செய்ததும் அவர்கள்தானே. இன்னும் எத்தனை காலத்துக்கு அவர்கள் சொன்னபடி நான் நடப்பது?

அகப்பையைப் புஷ்பவல்லியின் கையில் கொடுத்தாள். "ஒண்டும் போடாம ஊத்துங்கோ. நான் அங்க நிக்கப்போறன்."

வெளியே போய் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றாள். பாதி வழியில் ஏதோ குழந்தையின் பலூன் பட்டென்று வெடித்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விலகவில்லை. வரிசை நகர நகர அவளும் நகர்ந்தாள்.

அவள் முறை வந்தபோது பானையில் அடிக்கஞ்சிதான் மிச்சம். புஷ்பவல்லி சுரண்டி எடுத்து, உப்புக்கூடப் போடாமல் கப்பில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். வதனி வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தாமல், மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளிடம் நடந்து போனாள். துளசி எழுந்து நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு உதடு துடித்தது.

"இந்தா பிள்ளை, குடி," என்றாள் வதனி. "வரிசையில நிண்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்திட்டன்."