வலை ஏற முதல் அரைத்த கூட்டு

கரையில் நின்று வலை இழுப்பவர்கள் தங்குகிற கரைவலை வாடியில் சமையல்காரன் என்றால், கடல் தராததற்கும் பேச்சு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டுப் பேச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பேச்சுவார்த்தை

நான் புத்தூர்த் தோட்டக்காரன். வெங்காயம் அழுகிப்போன வருசம், வடமராட்சிக் கரையில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் சமையலுக்குப் போனேன். ஒரு மாதம் பார்ப்பாராம். ஆட்கள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம். நான் விடுவேனா? மரக்கறி நான் சொல்லும் இடத்தில்தான் வாங்குவது, அடுப்படிக்குள் ஒருவரும் வரக்கூடாது என்று நின்று பிடித்தேன். அவர் சிரித்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. கறியையும் பாப்பம்."

கூட்டு

முதல் கிழமையே வந்தது வினை. மீன் ஏறியதும் சட்டிக்குள் போடலாம் என்று குழம்புக்கான தேங்காய்க் கூட்டை அம்மியில் அரைத்து, புளி கரைத்து, ஆயத்தமாக வைத்தேன். வலை ஏறினால் பாசியும், தொட்டால் அரிக்கிற சொறிமுட்டையும்தான். இழுத்தவர்கள் எல்லாரும் என் அம்மியைப் பார்த்தார்கள். வலை கரைக்கு வரமுதல் கூட்டு அரைக்கக் கூடாதாம், அரைத்தால் மீன் படாதாம். தோட்டக்காரனுக்கு இதை யார் சொன்னது? கடலுக்கு என்ரை அம்மிச் சத்தம் கேக்குமோ என்று கத்திவிட்டேன். வலையை நடத்துகிறவர் இராசண்ணை; வலையில் மீன் தெரிந்தால் தோளில் கிடக்கிற நனைந்த துவாயை வீசிக் காட்டுவார். அன்று அதைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"கேக்குதோ இல்லையோ, இண்டைக்குக் கறியில்லை."

சந்தை

வெறும் சோற்றை வைத்தால் அன்றோடு என் வேலை போச்சு. மோட்டார் சைக்கிளில் அச்சுவேலிச் சந்தைக்குப் பறந்தேன். வாழைக்காய் விற்கிற மணியக்கா சாக்குக் கட்டிக்கொண்டிருந்தா. நானும் அவவும் விலைக்காகப் பிடிக்காத சண்டையில்லை. அன்று விலையே கேட்காமல், நடந்ததைச் சொல்லி, இருந்த நீர்வேலி வாழைக்காயெல்லாம் தரச் சொன்னேன். கட்டின சாக்கை அவிழ்த்து, முருங்கைக்காயும் ஒரு கட்டு மேலே போட்டா.

"விலை கேக்காமல் எடுக்கிறாய், காய்ச்சல் ஏதுமோ?"

பந்தி

அரைத்த கூட்டை எறிய மனம் வரவில்லை. மீன் குழம்புக்குப் போலவே புளியை விட்டு, வாழைக்காயையும் முருங்கைக்காயையும் அதற்குள் போட்டுக் கொதிக்க வைத்தேன். எல்லாரும் குனிந்து சாப்பிட்டார்கள். நான் அகப்பையோடு ஒவ்வொரு கோப்பையாய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் இராசண்ணை கோப்பையைத் தள்ளவில்லை, நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடும். நாளைக்கு, நான் துவாயை வீசினாப் பிறகு அரையும்."

அன்றிலிருந்து, ஊரில் ஒருத்தருக்கும் பணியாத நான், ஒரு நனைந்த துவாய்க்குப் பணிந்து, நல்ல மனுசர் நடுவில் நன்றியோடு காலம் தள்ளுகிறேன்.